ஓடாமல் இருக்கவேண்டிய ஹீட்டர்

குளிர் ஊரில் சூடு விற்கிறவனுக்கு வேலைக்குப் பஞ்சம் இருக்காது என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வேலைக்குப் பஞ்சமில்லை, விளக்கம் சொல்லியே வாய் வலிக்கிறது.

மிக்ஸி, கீசர், இன்வெர்ட்டர் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் சகபாவிகளுக்கு நான் சொல்வது புரியும். பொருளை மாட்டுவது ஒரு நாள் வேலை. மாட்டிய பொருள் என்ன செய்கிறது என்று வீட்டுக்காரருக்குப் புரியவைப்பது ஒரு சீசன் வேலை. நான் குன்னூரில் ஒரு கடையில் மெக்கானிக். வீடு முழுவதையும் சூடாக்கும் மிஷின்கள் அப்போதுதான் மலை ஏற ஆரம்பித்திருந்தன. வாங்குகிறவர்களுக்கும் புதிது, மாட்டுகிற எங்களுக்கும் புதிது. அதில் ஒரு ஜனவரி மாதம் பட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நம்பிக்கை

கேத்தியில் ஆரோக்கியசாமி என்று ஒருவர். தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பிலோமினா அம்மா நுரையீரலில் சளி கட்டி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து திரும்பியிருந்தார். அறையில் கரி கணப்பு கூடவே கூடாது, ஆனால் அறை குளிரவும் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மகன் எட்வின் கோயம்புத்தூர் பீளமேட்டில் நாலாவது மாடியில் குடியிருக்கிறான். அவன்தான் மிஷினை வாங்கிக் கொடுத்து, கூடவே ஒரு கெடுவும் வைத்தான். மாசக் கடைசி ஞாயிறு வருவான். வீடு சூடாக இருந்தால் அம்மா இங்கே. இல்லையென்றால் குளிர்காலம் முடியும்வரை அவனோடு. பிலோமினா அம்மாவின் அக்காவும் இப்படித்தான் ‘குளிர்காலத்துக்கு மட்டும்’ என்று மகன் வீட்டுக்கு இறங்கிப் போனவர். அக்கா இருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அதனால் அந்த அம்மா நான் டிரில் போடுவதையே ஏதோ ஆபரேஷன் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டி முடித்ததும் விளக்கம் சொன்னேன். வெளியே ஒரு பெட்டி, கூரைக்கு அடியில் ஒரு பெட்டி. வெளிக்காற்று எவ்வளவு குளிராக இருந்தாலும் அதில் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும். வெளிப்பெட்டி அதை உறிஞ்சி உள்ளே அனுப்பும், உள்பெட்டி அதைக் குழாய் வழியாக அறைகளுக்கு ஊதும். அது போதாத நேரத்துக்கு மட்டும் உள்பெட்டிக்குள் மின்சார அடுப்பில் இருப்பதுபோன்ற கம்பிச்சுருள்கள் இருக்கின்றன, அதற்குத் துணை ஹீட்டர் என்று பெயர், அது தானாக வரும், தானாகப் போகும் என்றேன். ஆரோக்கியசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: “மொத மிஷின் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னு சொல்லுங்க.”

சிவப்பு விளக்கு

நாலாம் நாள் போன். மிஷின் ஃபால்ட், உடனே வா என்றார். பஸ் பிடித்துப் போனேன். வீடு ஜில்லென்று இருந்தது. பிலோமினா அம்மா கட்டிலில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா சகிதம் உட்கார்ந்திருந்தார். மிஷின் அணைந்திருந்தது. போட்டேன், ஓடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் அணைத்தது என்று கேட்டேன். “நான்தான்” என்றார் ஆரோக்கியசாமி.

சுவரில் தெர்மோஸ்டாட் இருக்கிறதல்லவா, அதில் துணை ஹீட்டர் ஓடும்போது ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்த ஒவ்வொரு முறையும் மனிதர் மெயின் சுவிட்சையே இறக்கியிருக்கிறார். நாலு நாளில் எத்தனை முறை என்று அவரே ஒரு டைரியில் மணி போட்டு எழுதி வைத்திருந்தார். ஐயா, அது கோளாறுக்கான விளக்கு இல்லை, உதவிக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லும் விளக்கு; நீங்கள் அணைக்க அணைக்க வீடு இன்னும் குளிரும், குளிரக் குளிர விளக்கு இன்னும் எரியும் என்று தண்ணீர் குடிக்காமல் பத்து நிமிஷம் பேசினேன். தலையாட்டினார். ஆட்டிவிட்டுச் சொன்னார்: “ஃபேக்டரியில செவப்பு லைட்டைப் பார்த்தும் மிஷினை நிறுத்தாதவனை அன்னைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பியிருக்கேன், தம்பி.”

முப்பது வரை

அன்று அங்கிருந்து அப்படியே மேலே ஏறி லவ்டேலில் ஒரு டீச்சர் வீட்டுக்கும் போகவேண்டியிருந்தது. அங்கேயும் சிவப்பு விளக்குதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டீச்சர் தெர்மோஸ்டாட்டை முப்பதில் வைக்கிறார். சீக்கிரம் சூடாகட்டும் என்று. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வண்டி வேகமாகப் போவதில்லையா, அந்தக் கணக்கு. இந்த மிஷினுக்கு அந்தக் கணக்கு கிடையாது. முப்பது என்று வைத்தாலும் இருபத்தொன்று என்று வைத்தாலும் முதல் மிஷின் ஒரே வேகத்தில்தான் ஓடும். கேட்ட சூட்டுக்கும் அறையில் இருக்கிற சூட்டுக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் இடைவெளி விழுந்து அது கொஞ்ச நேரம் நீடித்தால், துணை ஹீட்டர் எழுந்து வந்துவிடும். முப்பது என்று வைத்தால் அது உட்காரவே உட்காராது.

இதை எனக்குத் தெரிந்த மட்டும் அழகாகச் சொன்னேன். ஆரோக்கியசாமியும் இதைத்தான் செய்கிறார் என்று அப்போது எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. மறுநாள் கேத்திக்கு ஓடினேன். அவர் இருபத்தொன்றில் வைத்தது வைத்தபடி இருந்தது, பல்பு அணைந்தது. டீச்சர் முந்தின நாள் கேட்ட கேள்வி மட்டும் மிச்சம். “இருவத்தொண்ணு போதும்னா, அப்புறம் எதுக்குங்க முப்பது வரைக்கும் நம்பர் போட்டிருக்காங்க?”

பக்கத்துத் தோட்டம்

இரண்டாவது வாரம் கேத்தியில் உறைபனி விழுந்தது. புல் வெள்ளையாகி, கேரட் இலை வெந்ததுபோல் கருகிவிடும் பனி. காலை ஏழரைக்குப் போன். பேசியவர் ஆரோக்கியசாமி இல்லை, பக்கத்துத் தோட்டக்காரர் போஜன். உங்கள் வெளிப்பெட்டி தீப்பிடித்துக்கொண்டது, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டேன் என்றார். நான் போய்ச் சேரும்போது பெட்டி நனைந்து, எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

தீ இல்லை. அந்த மாதிரிக் காலையில் வெளிப்பெட்டியின் மேல் பனி படிந்து மூச்சை அடைக்கும். அப்போது மிஷின் கொஞ்ச நேரம் திசை மாறி, வீட்டுக்குள் இருக்கிற சூட்டை வெளியே இழுத்துத் தன் மேல் இருக்கும் பனியைக் கரைத்துக்கொள்ளும். கரைகிற பனி புகைபோல ஆவியாகக் கிளம்பும். அந்த ஐந்து, பத்து நிமிஷம் உள்ளே குளிர்காற்று வீசாமல் இருக்கத்தான் துணை ஹீட்டர் வந்து நிற்கிறது. அதற்கென்றே படைக்கப்பட்ட வேளை அதுதான் என்று வேலியருகே நின்று சொன்னேன். போஜன் காலிக் குடத்தைக் கீழே வைக்கவில்லை. ஆரோக்கியசாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அதும் மேல இருக்கிற பனியைக் கரைக்கவே ஊட்டுக்குள்ள வந்து சூடு கேக்குதுன்னா, அது ஊட்டுக்கு எதைங்க குடுக்கப் போகுது?”

எது பொய்

மூன்றாவது வாரம் நிலைமை மோசமாகிவிட்டது. ஆரோக்கியசாமி இப்போது என் பேச்சைக் கேட்டு மிஷினை அணைப்பதில்லை. சிவப்பு விளக்கும் அணைவதில்லை. காலையில் எரிய ஆரம்பித்தால் எரிந்துகொண்டே இருக்கும். மத்தியானம் வீடு கொதிக்கிறது என்று ஜன்னல்களைத் திறப்பார். நாலு மணிக்கு மூடுபனி உள்ளே வரும், மூடுவார். ஐந்து மணிக்கு பிலோமினா அம்மாவுக்கு வெந்நீர் வைக்க கீசரைப் போடுவார். முதல் மிஷின், துணை ஹீட்டர், கீசர் மூன்றும் ஒன்றாக இழுக்க, மெயின் டிரிப் ஆகி வீடே இருளும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். அந்த அம்மாவுக்கு இருமல் திரும்பியிருந்தது. எட்வின் போனில் அப்பாவிடம் கேட்கும் முதல் கேள்வி, “அம்மா இருமுதா?” என்பது. அவர் இல்லை என்று சொல்லும்போது பின்னாலிருந்து இருமல் கேட்கும்.

நான் ஃபில்டரைக் கழுவினேன், மிஷினுக்குள் ஓடும் கேஸின் அளவைப் பார்த்தேன், குழாயில் வரும் காற்றின் சூட்டை அளந்தேன். எல்லாம் ஒழுங்கு. அப்போது ஆரோக்கியசாமி ஒரு புகார் சொன்னார். தெர்மோஸ்டாட்டுக்கு நேர் மேலே ஒரு ஆணியில், மிஷின் வந்த அன்றே, தன் பழைய ஃபேக்டரி தெர்மாமீட்டர் பலகையை மாட்டி வைத்திருந்தார். அது பதினெட்டு காட்டியது. என்னுடையது பதினாலு. உன்னுடையது பொய் சொல்கிறது என்றார். சரி என்று புது தெர்மோஸ்டாட் கொண்டுபோய், அவர் பலகையைக் கழற்றிக் கீழே வைத்து, மாற்றி, பலகையை நானே பத்திரமாகத் திரும்ப மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் புதியதும் நாலு டிகிரி குறைத்துக் காட்டியது. இரண்டு புது மீட்டர் ஒரே மாதிரியா பொய் சொல்லும், உங்கள் பழசுதான் போயிருக்கிறது என்றேன். நான் ஜெர்க்கின், குல்லா எல்லாம் போட்டிருந்ததால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஆரோக்கியசாமியின் முகம் மாறிவிட்டது. “இது காட்டினதை நம்பி முப்பத்தஞ்சு வருஷம் எலை வாட்டியிருக்கேன். இது பொய்னா அந்த டீயெல்லாம் யார் குடிச்சாங்க?”

முதலாளியின் தீர்ப்பு

வெள்ளிக்கிழமை கடையில் முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் மிஷின் விற்பாரே தவிர மாட்டியதில்லை. ஆனால் தீர்ப்பு சொல்வதில் தாமதமே கிடையாது. “மிஷின் சரியா இருந்தா ஊடு சரியில்லை. ஊடும் சரியா இருந்தா நீ சரியில்லை. நாளைக்குப் போயி எதுன்னு பாத்துட்டு வா.”

சனிக்கிழமை

மறுநாள் காலையிலேயே போய், எதையும் கழற்றாமல் ஹாலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஞாயிறுக்கு ஒரு நாள்தான் இருந்தது. பிலோமினா அம்மாவின் துணிப்பெட்டி கதவோரம் தயாராக இருந்தது. மகன் வந்து அவசரப்படுத்தினால் எதையாவது மறந்துவிடுவோம் என்று அவரே அடுக்கி வைத்துவிட்டாராம். எனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதனால் சுவரையே பார்த்தேன்.

பதினோரு மணிக்கு அந்த அம்மா ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினார். பிறகு குல்லாவை. எனக்கும் வேர்த்தது. சுவரில் தெர்மோஸ்டாட் பதினெட்டு என்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. பதினெட்டில் எவனுக்கு வேர்க்கும்? இத்தனை நாளில் அறையை மட்டும் நான் அளக்கவே இல்லை. சுவரில்தான் பெரிதாக எழுதியிருக்கிறதே என்று விட்டிருந்தேன். பையிலிருந்த என் தெர்மாமீட்டரை எடுத்து ஹால் நடுவில் பிடித்தேன். இருபத்திரண்டரை. ஆரோக்கியசாமியின் பலகையைப் பார்த்தேன். இருபத்திரண்டரை. பலகையை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். அதில் ஒன்றல்ல, இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்று சும்மா இருக்கிறது, அதைத்தான் இத்தனை நாளும் படித்துக்கொண்டிருந்தோம். இன்னொன்றின் நுனியில் ஒரு நூல்துணி சுற்றி, துணியின் வால் கீழே ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டியில் ஊறுகிறது. தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் இது இருக்கும். காற்று காய்ந்திருந்தால் ஈரத்துணி சீக்கிரம் உலரும், உலரும்போது சூட்டைத் தின்னும், அந்தத் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து டீ மேக்கர் காற்றைப் படிப்பார்.

துணி கொஞ்சம் நீளம். புட்டியில் ஊறியதுபோக மிச்ச வால் வெளியே வந்து, நேராக என் தெர்மோஸ்டாட்டின் மூச்சு ஓட்டைகள் மேல் படிந்திருந்தது. தினமும் காலையில் பிலோமினா அம்மா புட்டியில் தண்ணீர் நிரப்புகிறார். அவர் வைத்த ஈரத்தில் தெர்மோஸ்டாட் குளிர்ந்து, வீடு குளிர்கிறது என்று நம்பி, மூன்று வாரமாகத் துணை ஹீட்டரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இடையில் ஒருமுறை அந்தத் துணியை அதே இடத்தில் பத்திரமாகப் போர்த்தியவன் நான். பலகையை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். அரை மணியில் இரண்டு மீட்டரும் ஒரே எண்ணுக்கு வந்தன, சிவப்பு விளக்கு அணைந்தது. ஜன்னலைத் திறக்கவில்லை. ஐந்து மணிக்குக் கீசர் போட்டார்கள், மெயின் விழவில்லை. ஆரோக்கியசாமி அந்தத் துணியின் நீண்ட வாலைப் பிடித்துக் காட்டினார். “ஈரத்துணி எப்பவும் கம்மியாத்தான் காட்டும்னு வேலைக்கு வந்த ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிக் குடுத்தேன். இந்த மிஷினுக்கு யாரும் சொல்லலையே, தம்பி.”

கெடு

ஞாயிறு எனக்கு விடுமுறை. ஆனாலும் போனேன். பூசை முடிந்து பத்து மணிக்கு எட்வின் காரில் வந்தான். வீடு இருபத்தொன்றில் இருந்தது. அம்மா ஒரே ஸ்வெட்டரில் இருந்தார், காலையிலிருந்து இரண்டுமுறைதான் இருமினார் என்று ஆரோக்கியசாமி டைரியைப் பார்த்துச் சொன்னார். எட்வின் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நேராகத் தெர்மோஸ்டாட்டிடம் போனான். “அந்த ஹீட்டர் ஓடவே இல்லையே” என்றான்.

“ஓடலைங்க. அதுதான் சரி” என்றேன்.

“மூணு வாரமா அப்பா போன்ல ‘லைட் எரியுது, லைட் எரியுது’ன்னார். அப்பெல்லாம் ஊடு குளிருச்சு. இப்ப லைட்டே எரியலை, சரியாயிடுச்சுங்கறீங்க. நான் எதைங்க நம்பறது?”

மறுபடி ஆரம்பித்தேன். முதல் மிஷின், உறைபனி, இரண்டு டிகிரி இடைவெளி. பாதியிலேயே அவன் கண் எங்கோ போய்விட்டது. அந்தக் கண்ணை எனக்கு நன்றாகத் தெரியும், எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டு, “எதுக்கும் அம்மா வரட்டும். குளிர்காலத்துக்கு மட்டும்தானே” என்று கதவோரம் இருந்த பெட்டியைத் தூக்கினான். ஆரோக்கியசாமி டைரியை மூடிக்கொண்டார். மிஷின் விஷயத்தில் தோற்றவர் என்ற கூச்சம் அவருக்கு இன்னும் போகவில்லை.

பிலோமினா அம்மாதான் பேசினார், என்னிடம். “தம்பி, அந்த ஹீட்டர் ஓடாதப்பவும் உள்ளேதானே இருக்குது?”

“உள்ளேதாங்கம்மா இருக்கும்.”

“நாளைக்குப் பனி விழுந்தா வருமா?”

“வரும். பத்து நிமிஷம் நின்னுட்டுப் போயிடும்.”

“யாரும் கூப்பிடாம வராதே?”

“இனிமே வராதுங்கம்மா.”

அந்த அம்மா எழுந்து போய் மகன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கட்டிலின் மேல் வைத்தார். திறந்து, மேலாக இருந்த மாத்திரைப் பையை எடுத்து, அதன் பழைய இடமான ஜன்னல் மாடத்தில் வைத்தார். அப்புறம்தான் எட்வினைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டுக்கிட்டியா? தேவைப்பட்டா வருது, முடிஞ்சதும் பேசாம இருக்குது. நீயும் அப்படி இருந்தா எனக்குப் போதும்டா.”

சூடு விற்கிற தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: வீட்டுக்காரர் ‘ஒண்ணுமே ஓடலையே’ என்று குறைசொல்லும் நேரத்தில், மேற்கொண்டு விளக்கம் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும்.